தாண்டவராயன் போன வழி

தாண்டவராயன் செத்தும் அடங்கவில்லை என்று உறவு முழுக்கப் பேச்சு. பேசாமல் என்ன செய்வார்கள்? அவன் கருமாதி முடிந்து கொஞ்ச நாளில், உத்திரமேரூரில் அவன் பட்டியிலிருந்த பன்றிகள் காது நீலம் பாரித்து, பின்னங்கால் தள்ளாடிச் செத்தன. அடுத்து பழையசீவரத்தில் தங்கை கனகா வீட்டில். பிறகு திருமுக்கூடலில் தம்பி கன்னியப்பன் வீட்டில். உயிரோடிருந்தபோது சைக்கிளில் எந்த வழியாக உறவு பார்க்கப் போவானோ, சாவும் அதே வழியாகப் போனது.

அவன் பெண்டாட்டி ஜெயம்மாளும் அதை நம்பினாள். பொழுது சாயும்போது காலிப் பட்டியில் இருமல் கேட்கும். சத்தியமாக அவன் இருமல்தான். எழுந்து போய்ப் பார்த்தால் காய்ந்த சேறும் கவிழ்ந்த தொட்டியும்தான் கிடக்கும். பயம் ஒரு பக்கம், வந்திருக்கிறானே என்ற ஆசை ஒரு பக்கம்.

கால்நடை டாக்டர் வேதகிரிக்கு ஆவியில் நம்பிக்கை இல்லை. மூன்று ஊரிலும் செத்த பன்றிகளின் ரத்தமும் மண்ணீரலும் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பியிருந்தார். தை அமாவாசைக்கு முதல் நாள் முடிவோடு வந்தார்.

"ஜெயம்மா, கிருமிக்கும் குடும்ப ஜாடை உண்டு. பன்னிக்குப் பன்னி தாவும்போது எங்கேயாவது துளி மாறும். மூணு ஊர்லயும் ஒரே வம்சம். உங்க பட்டியில இருந்ததுதான் மூத்தது. பழையசீவரத்துல அது ஒரு மாதிரி மாறியிருக்கு, திருமுக்கூடல்ல வேற மாதிரி. ஆக, ரெண்டு ஊருக்கும் இங்கேர்ந்தே தனித்தனியா போயிருக்கு."

"நாங்க யாரும் பன்னிய ஓட்டிக்கினு போவல சார்."

"பன்னி போக வேணாம், கறி போனா போதும். கறி கழுவின தண்ணிய தொட்டியில ஊத்தினா முடிஞ்சுது. இங்கேர்ந்து கறி ஏதாவது போச்சா?"

"இல்ல சார்."

அவர் தலையைச் சொறிந்துகொண்டே போய்விட்டார். ஜெயம்மாள் சொன்னது பொய். கருமாதிக்குப் பன்றி அறுத்து, பச்சைக் கறியாகவே பங்கு கட்டி உறவுக்குக் கொடுத்தனுப்புவது அவர்கள் வழக்கம். பங்கு கட்டியவள் அவள்தான். கொழுத்ததை நிறுத்தி வைத்துவிட்டு, இரை எடுக்காமல் சுருண்டு கிடந்ததை, எப்படியும் சாகப்போவதுதானே என்று அறுக்கச் சொன்னவளும் அவள்தான். தாலி கட்டியவன் காரியத்தில்கூடக் கஞ்சத்தனம்!

மறுநாள் கனகா ஒரு பூசாரியோடு வந்து இறங்கினாள். ஏரிக்கரைப் புளியமரத்தில் ஆணியடித்து அண்ணனைக் கட்டிவிட ஏற்பாடு. கட்டிவிட்டால் அவன் எங்கும் போக முடியாது, சொந்த வீட்டுக்கும் வர முடியாது.

ஜெயம்மாள் வாயைத் திறந்தால் அவன் தப்பிப்பான். ஆனால் தை முடிவதற்குள் அவள் மகள் இளவரசி கனகாவுக்கு மருமகளாகப் போகிறாள். பட்டியையே பறிகொடுத்தவள், நோய்க்கறி கொடுத்தவளின் பெண்ணையா எடுப்பாள்?

மரத்தடியில் பூசாரி ஆணியைப் பிடித்துக்கொண்டான். கனகா சுத்தியலை நீட்டினாள். அவள் கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"அண்ணி, அண்ணன் எப்பவும் ஒன் பேச்சுக்குத்தான் கட்டுப்படும். மொத அடிய நீதான் அடிக்கணும்."

'ஒன் மேல தப்பில்லய்யா' என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது ஜெயம்மாளுக்கு. நாத்தனார் காதில் விழுந்துவிடும் என்று அதையும் விழுங்கிக்கொண்டு ஓங்கி அடித்தாள்.