முப்பத்தாறாவது கண்ணி

வாட்டி ஹால்டேனின் மகள் வீடு 1926 ஜனவரி பதினொன்றாம் தேதி, திங்கட்கிழமை முற்பகலில், கால் மைல் நகர்ந்து வந்தது. கம்பளி விலை விழுந்த வாரம் அது. கிளெனாரோ பள்ளத்தாக்கில் எங்களுக்கு வேறு கவலைகள் இருந்தன. நியூசிலாந்தின் தெற்குக் கோடியில் ஜனவரிதான் கோடை. பனியில் தொய்ந்த வேலிகளை ஆட்டுக்காரர்கள் இழுத்துக் கட்டும் காலம். வாட்டியிடம் இருந்த கம்பி இழுப்பான் பழசு, கவ்வும் பல் தேய்ந்துபோனது. அதனால் வேலிக்காரன் டூகலுடையதை இரவல் வாங்கியிருந்தான். எங்கள் ஊரில் இரவல் போன கருவி திரும்பி வந்ததாகச் சரித்திரமே கிடையாது. டூகலும் மனதுக்குள் அதற்குத் தலைமுழுகிவிட்டுத்தான் கொடுத்தான்.

பெரிய சாமான் ஒன்றுமில்லை. ஒரு முழச் சங்கிலி, இரண்டு கவ்விகள், ஒரு கைப்பிடி. பிடியை ஒருமுறை தள்ளினால் சங்கிலியில் ஒரு கண்ணி ஏறும், கம்பி அந்த அளவு இறுகும். வாட்டியின் முற்றத்து மூலைக்கம்பத்தில் தொடங்கிய மேல் கம்பி மேய்ச்சல் நிலம் கடந்து, ஆற்றின் மேலாகத் தொங்கி, ஒன்பது மைல் தள்ளி மகள் ஊனாவின் வாசற்கம்பத்தில் முடிந்தது. அன்று வாட்டி ஒரு கண்ணி ஏற்றினான். கம்பி இறுகவில்லை. துணி உலர்த்திக்கொண்டிருந்த அவன் மனைவி எஃபிதான் முதலில் பார்த்தாள்: எதிர்க் குன்றின் மேல் ஊனா வீட்டுப் புகைபோக்கி.

கல்யாணமாகி இரண்டு வருடத்தில் மகளை எஃபி நாலே முறைதான் பார்த்திருந்தாள். பாலம் சுற்றிப் போக ஒரு முழுப் பகல் ஆகும். ஊனா அப்போது முழுகாமல் இருந்தாள், ஜூலையில் பிரசவம். எஃபி ஈரத் துணியைத் தோளில் போட்டபடியே ஓடி வந்தாள். “இன்னொரு கண்ணி போடு, வாட்டி!”

டூகல் அன்று மாலையே வந்து எச்சரித்துவிட்டுப் போனான். “இந்த வெயில்ல இழுக்காதய்யா. தொளதொளன்னு இருக்கேன்னு இழுத்துக்கிட்டே போவ. குளிர் வந்தா அது தானாச் சுருங்கி இழுக்கும். அப்ப நீ என்ன பண்ணுவ?”

“உன் சாமானத் திருப்பிக் கேக்க இது ஒரு சாக்கா?” என்றான் வாட்டி.

நாளைக்கு ஒன்று, ஞாயிறு தவிர, என்று முப்பத்தைந்து கண்ணி ஏற்றினான். பிப்ரவரி மூன்றாம் வாரம் ஊனாவின் வீடு கோழிக்கூண்டோடும் முட்டைக்கோஸ் பாத்தியோடும் எதிர்க்கரையில் கால் மைலில் நின்றது. அம்மாவும் மகளும் அவரவர் வாசலில் நின்றே கூவிப் பேசிக்கொண்டார்கள். நடுவிலிருந்த எட்டே முக்கால் மைல் எங்கே போயிற்று என்று பாதிரியார்கூடக் கேட்கவில்லை. அந்தப் பக்கத்து முயல்கள் மட்டும் ஒல்லியாகிவிட்டன. ஆறு கூழாங்கல் படுகையில் இருநூறு கஜம் அகலமாகப் பரந்து ஓடியது. இப்போது இருபது கஜத்துக்குள் ஓடியது. தண்ணீர் குறையவில்லை, சத்தம்தான் குறைந்தது. ஊனாவின் கணவன் நீல் ஏர்க்கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கிப் பார்த்தான். கயிறு முழுவதும் போயிற்று, தரை தட்டவில்லை. அதை அவன் மாமியாரிடம் சொல்லவில்லை.

ஏப்ரலில் காற்று குளிருக்குத் திரும்பியது. வாட்டி பிடியைத் தொடவே இல்லை, ஆனாலும் ஒரு வியாழக்கிழமை காலையில் ஊனாவின் வீடு ஐம்பது கஜம் கிட்டே வந்திருந்தது. மே மாத முதல் உறைபனியில் இன்னும் நூறு. கம்பி பகல் முழுக்க மெல்லிய குரலில் பாடியது. அலமாரியில் கோப்பைகள் நடுங்கின; நாய்கள் வேலிப்பக்கம் போக மறுத்தன. தபால் கொண்டுபோனவர்கள் தலையைக் குனிந்துகொண்டு போனோம். இறுகிய கம்பி அறுந்தால் ஆளை இரண்டாக்கும் என்பது எங்களுக்குத் தெரியும். கம்பியில் ஒரு வீடே தொங்கினால் என்ன ஆகும் என்பது டூகலுக்கும் தெரியவில்லை.

தளர்த்திவிடலாமே என்று கேட்பவர்கள் வேலி கட்டியதில்லை. இறுகி நிற்கும் இழுப்பானைக் கழற்ற, முதலில் ஒரு கண்ணி கூடுதலாக ஏற்றியாக வேண்டும். அப்போதுதான் கொக்கி விடுபடும். அந்த முப்பத்தாறாவது கண்ணியைக் கம்பி தாங்காது. வாட்டி தினமும் போய்ப் பிடிமேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டான். வீட்டை விட்டு வந்துவிடு என்று எஃபி கெஞ்சினாள். “நீங்கதானம்மா இழுத்தீங்க?” என்றாள் ஊனா. “இது என் வீடு. போற வர்றவங்க இழுத்த இழுப்புக்கெல்லாம் நான் குடிமாற முடியுமா?” எஃபி அன்று வாசல்படியில் உட்கார்ந்து அழுதாள். ஆசைப்பட்டது அவள்தானே.

ஜூலை ஒன்பது, வெள்ளி. முப்பது வருடத்தில் அப்படி ஓர் உறைபனி இல்லை. விடிந்தபோது இரண்டு வாசலுக்கும் நடுவே ஆறு ஒரே எட்டில் தாண்டும் அகலத்தில், கறுப்பாக, சத்தமில்லாமல் ஓடியது. அந்தப் பக்கம் ஊனாவுக்கு வலி எடுத்திருந்தது. இனி அவளைத் தூக்கி வரவும் முடியாது. எஃபி பையில் துண்டுகள், கத்தரிக்கோல், பாதி ரொட்டி எல்லாம் எடுத்து வைத்தாள். பிறகு கொட்டகைக்குப் போய்ப் பழைய இழுப்பானையும் எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

“பிரசவத்துக்கு அது எதுக்குடி?” என்றான் வாட்டி.

“உனக்குத்தான் பல் தேஞ்சது. எனக்கு இது போதும்.”

எஃபிக்கு இடதுகை. அவள் கம்பியில் போடும் முடிச்சு எல்லோருடையதற்கும் எதிர்ப்பக்கமாகத் திரும்பியிருக்கும். கல்யாணமான நாளிலிருந்து வாட்டிக்கு அது கேலி. அன்று அவன் கேலி செய்யவில்லை. “அறுந்துரும், எஃபி,” என்றான். “அறுந்தா அவ தனியாப் போகக்கூடாது பாரு,” என்று சொல்லிப் பாவாடையைத் தூக்கிக்கொண்டு ஆற்றைத் தாண்டினாள். நீல் கைகொடுத்து உள்ளே கூட்டிப் போனான். கதவு சாத்திக்கொண்டது. ஒன்பதே கால் மணிக்குக் கம்பி ஆற்றுக்கு நேர் மேலே அறுந்தது. சத்தம் பதினோரு மைல் தள்ளிப் பள்ளிக்கூடத்தில் கேட்டது. வாட்டியின் இடக்காதில் நுனி போயிற்று. அவன் எழுந்து பார்த்தபோது இருநூறு கஜம் கூழாங்கல் படுகையும் அதற்கப்பால் வெறும் குன்றுகளும் இருந்தன. ஒன்பதாவது மைலில் போய்ப் பார்த்தோம். இருபதாவதிலும் பார்த்தோம். முட்டைக்கோஸ் பாத்தி இருந்த தடம்கூட இல்லை.

வாட்டி குளிர்காலத்தைத் தனியாகக் கழித்தான். அக்டோபரில் ஆட்டுக்குட்டி தேடிப் போனவன் மேல் கம்பி மறுபடி ஆற்றைத் தாண்டித் தொங்குவதைக் கண்டான். அறுந்த இடத்தில் ஒரு முடிச்சு இருந்தது. எதிர்ப்பக்கமாகத் திரும்பிய முடிச்சு. அங்கேயே உட்கார்ந்து, காது போன பக்கத்தைப் பொத்திக்கொண்டு, வெகுநேரம் சிரித்தான்.

ஜனவரியில், உச்சி வெயிலில், அந்தப் பக்கத்திலிருந்து முதல் கண்ணி ஏறியது. வாட்டியின் வீடு எங்களைவிட்டுக் கால் மைல் விலகிற்று. அடுத்த வாரம் இன்னொரு கால். வெயிலில் இழுத்தால் என்ன ஆகும் என்று எஃபிக்குத் தெரியாதா? தெரிந்தேதான் செய்தாள். டூகல் கம்பி வெட்டியோடு ஓடினான். “ஒரு வெட்டு வெட்டினாப் போதும்யா, பொழைச்சுக்குவ!”

“இழுக்கட்டும்,” என்றான் வாட்டி. “அவ கைக்கு நான் கனமா இருக்கேனான்னு பாப்போம்.”

தபால் வண்டி வாரம் இரண்டு முறை என்பது ஒருமுறையாயிற்று. வீடு விலகிய இடத்தில் புதிதாகப் புல்வெளி விரிந்தது, முயல்கள் அங்கே கொழுத்தன. ஜில்லா போர்டுக்காரர்கள் மைல்கற்களை இரண்டு தடவை மாற்றி நட்டுவிட்டு, மூன்றாவது தடவை வரவில்லை. மே மாதம் நாங்கள் போனபோது வாட்டி பூட்ஸ் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தான். பேச்சு எங்களோடு, கண் கம்பியில். ஜூன் உறைபனிக்கு மறுநாள் அந்த வீடும் இல்லை. மூலைக்கம்பம் மட்டும் நின்றது.

கம்பத்தில் டூகலின் இழுப்பான் தொங்கியது. துடைத்து, எண்ணெய் போட்டு, சின்னக் குழந்தைக்குச் சுற்றும் ஃபிளானல் துணியில் பொதிந்திருந்தது. துணியில் பால் வாடை இருந்தது. அதைக் கட்டியிருந்த முடிச்சு எதிர்ப்பக்கமாகத் திரும்பியிருந்தது. இரவல் போன கருவி திரும்பி வந்ததை எங்கள் பள்ளத்தாக்கில் இன்றைக்கும் யாரும் நம்புவதில்லை. டூகல் அதை இப்போதும் இரவல் கொடுக்கிறான், கோடையில் மட்டும் கொடுப்பதில்லை.