மூன்றாம் வரிசையில் ஒரு நீலக் கட்டம்

வைத்திருக்கத்தான் வேண்டும், வைக்காமல் அது எப்படி அங்கே வந்திருக்கும், துணிக்குக் கால் முளைத்து நடந்தா வந்தது, மூன்றாம் வரிசையில் நாலாவது கட்டம், நீலத்தில் வெள்ளைப் புள்ளி, பாப்ளின்… பெரியநாயகி மடியிலிருந்த பையை வயிற்றோடு இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொண்டாள். டவுன் பஸ் சூரமங்கலத்தைத் தாண்டியதிலிருந்து இதே கேள்விதான் உள்ளே சுற்றிக்கொண்டிருந்தது, பக்கத்தில் கோழியோடு உட்கார்ந்திருந்த அம்மா இரண்டு தரம் மணி கேட்டுவிட்டாள், இவள் காதில் விழவில்லை. பையில் இருப்பது கொண்டப்பநாயக்கன்பட்டிப் பால்வாடி டீச்சர் ராசாத்தியின் போர்வை. பழைய சேலை, சட்டை, வேட்டி என்று மூட்டையாகக் கொண்டுவந்து போட்டால் அதைக் கட்டம் கட்டமாக வெட்டி ஒட்டி, நடுவில் பஞ்சு பரப்பி, அடியில் காடாத் துணி கொடுத்து, மிஷினில் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டிப் போர்வையாக்கித் தருவது ஒன்பது வருசமாக அவள் தொழில். வீட்டு முன்னறையில் ஒரே ஒரு மிஷின், அதற்கு இரண்டு வருசத்துக்கு முன்னால் வைத்த ஒரு மோட்டார், அவ்வளவுதான் கம்பெனி. ஒட்டுப்போர்வைக்காரம்மா வீடு எது என்றால் ரயில்வே குடியிருப்பில் சின்னப் பிள்ளையும் கை காட்டும். ஏற்காட்டு எஸ்டேட்டிலிருந்துகூட மார்கழிக்கு முன்னால் ஆள் வரும். எல்லாம் எதனால் வந்தது, தையலாலா, தையல் யார்தான் போட மாட்டார்கள், அவள் சொல்கிற ஒரு வார்த்தையால் வந்தது. உங்க துணி மட்டுந்தானுங்க, வேற ஒரு நூல் கலக்க மாட்டேன். அந்த வார்த்தைக்காகத்தான் மூட்டை வருகிறது, யார் உடுத்தியதோ, செத்தவர் துணியோ, தீட்டுத் துணியோ என்று தெரியாததை யார் போர்த்திக்கொண்டு படுப்பார்கள்…

கலக்காமலா இருந்தாள், இந்த ஒன்பது வருசத்தில். மூட்டை எப்போதும் சரியாகவா இருக்கிறது, பத்துக் கட்டம் குறையும், எட்டுக் கட்டம் குறையும், திருப்பி அனுப்பி இன்னும் ரெண்டு சேலை கொண்டு வாங்க என்றால் ஆள் போனது போனதுதான். ஜங்ஷன் பக்கம் கடை வைத்திருக்கும் டெய்லர் மாரி மாசம் ஒரு கோணி வெட்டுத் துண்டு தருவான், அதிலிருந்து நிறம் பார்த்து ஒன்று, ரெண்டு, யாருக்கும் தெரியாத மூலையில். தைத்தபின் அவளுக்கே தெரியாது. அதுதானே இப்போது வினை, அவளுக்கே தெரியவில்லை. ராசாத்தி மூட்டையில் குறைந்ததா, குறைந்த மாதிரியும் இருக்கிறது, சரியாக இருந்த மாதிரியும் இருக்கிறது, அன்றைக்குக் கரண்டு போய்ப் போய் வந்தது, ஊசி ரெண்டு உடைந்தது, அது ஞாபகம் இருக்கிறது, ஊசி உடைந்தது ஞாபகம் இருக்கிறது, துணி எங்கிருந்து எடுத்தாள் என்பது மட்டும் இல்லை. மாரியிடம் போய்க் கேட்டும் பார்த்தாள். நீலத்துல வெள்ளப் புள்ளி எத்தன பேருக்குத் தெச்சிருப்பேன், யாருக்குக்கா நெனப்பிருக்குது, என்று காஜா எடுத்துக்கொண்டே சொன்னான். ராசாத்தி ஊர்க்காரன் அர்த்தநாரிக்குத் தைத்தாயா என்று கேட்டாள். லாரிக்காரருக்கா, அவரு நம்ம கஸ்டமர்தான், தெச்சிருப்பேன். தைத்திருந்தால் அதன் வெட்டுத் துண்டு கோணிக்கு வந்திருக்கும், கோணிக்கு வந்திருந்தால் அவள் கை எடுத்திருக்கும், அவ்வளவுதானே, நேர்க்கோடு மாதிரி இருக்கிறதே, பிறகு ஏன் மனசு அதில் நடக்க மாட்டேன் என்கிறது.

அஸ்தம்பட்டியில் கூட்டம் ஏறியது. போன வெள்ளிக்கிழமை அந்தப் போர்வையை வாசல் கம்பியில் தொங்கவிட்டிருந்தாள், முடித்த போர்வை எதுவானாலும் ஒரு பகல் கம்பியில் தொங்கும், அதுதான் அவளுக்கு போர்டு. போகிறவர் வருகிறவர் நின்று பார்ப்பார்கள், கரையைத் தடவுவார்கள், இந்தச் சேலை எங்கிட்டயும் இருந்துச்சே என்பார்கள், அதைக் கேட்டுக்கொண்டே மிஷின் ஓட்டுவதில் அவளுக்கு ஒரு சுகம். அன்றைக்கு வந்து நின்றது சௌந்திரம். கொண்டப்பநாயக்கன்பட்டி, தோட்டம் துரவு உள்ள குடும்பம், புருசன் அர்த்தநாரி ஒரு லாரியும் ஓட்டுகிறான், போன வருசம் ஒரு போர்வை வாங்கிப் போயிருந்தாள், இன்னொன்றுக்குச் சொல்ல வந்திருந்தாள். கம்பி முன்னால் ரொம்ப நேரம் நின்றாள். இது யாருதுங்க்கா, என்று கேட்டாள். பெரியநாயகி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, தையலில் கண் இருந்தது, உங்கூரு பால்வாடி டீச்சருது அம்மிணி, நம்ம ராசாத்தி, ஊட்டுக்காரரு மிலிட்டரியில இருக்காரல்ல, லீவு முடிஞ்சு போறப்ப குளுருக்குக் கொண்டுக்கிட்டுப் போறதுக்கு. எவ்வளவு சந்தோசமாகச் சொன்னாள் அதை. மிஷினை நிறுத்தித் திரும்பியபோது சௌந்திரம் இல்லை. திரும்பிப் பார்த்திருந்தால், அந்த முகத்தைப் பார்த்திருந்தால், யாரோ ஒருத்தருது அம்மிணி என்று சொல்லியிருக்க மாட்டாளா… ஒரு பெயர், வாயில் இருந்து விழுகிற நேரம் எவ்வளவு, ஊசி ஒரு தரம் இறங்கி ஏறுகிற நேரம்.

அதற்கு மறுநாளே சௌந்திரத்தின் அண்ணன்கள் ரெண்டு பேர் ராசாத்தி வீட்டு வாசலில் போய் நின்று கத்தியிருக்கிறார்கள். தீபாவளிக்குத் தங்கச்சி புருசனுக்கு எடுத்துக் கொடுத்த அந்த நீலச் சட்டை, ஒரு வருசம் போட்டிருந்தான், பிறகு காணோம், கேட்டதற்கு லாரிக் கொக்கியில் மாட்டிக் கிழிந்துவிட்டது, கை துடைத்து எறிந்துவிட்டேன் என்று சொன்னானாம், எறிந்த சட்டை உன் போர்வைக்கு எப்படி வந்தது. தெரு முழுக்கக் கேட்டது. சௌந்திரம் மாமியாரோடும் புருசனோடும் பேச்சை நிறுத்திவிட்டாள், புருசன் லோடு என்று சொல்லி வடக்கே போய்விட்டான். ராசாத்தி நாலு நாளாகப் பால்வாடிக்குப் போகவில்லை, வீட்டுச் சொந்தக்காரர் காலி பண்ணச் சொல்லிவிட்டார், மிலிட்டரிக்காரன் அடுத்த வாரம் லீவில் வருகிறான். இதையெல்லாம் நேற்றுக் காலையில் ராசாத்தியே வந்து சொன்னாள், உட்காரவில்லை, அழவும் இல்லை, மிஷின் பலகையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அக்கா, அந்தத் துணி நீங்க வெச்சதுதானுங்களே. என்ன கேட்டாள் அவள், கேட்டாளா, சொன்னாளா, கெஞ்சினாளா, ஒரே வாக்கியம் மூன்று விதமாகவும் கேட்கிறதே. பெரியநாயகி, இருக்கும் சாமி, என்றாள். இருக்கோணும், என்றாள். சொல்லச் சொல்ல அது நடந்தது மாதிரியே ஆகிவிட்டது, கோணியில் கை விடுகிறாள், நீலம் வருகிறது, கத்தரிக்கோல் வெட்டுகிறது, எல்லாம் கண்ணுக்குத் தெரிந்தது, ஆனால் நேற்றுத் தெரிந்ததா, அன்றைக்கு நடந்ததா… ராத்திரிச் சோற்றின்போது சென்னிமலை, அவள் புருசன், பார்சல் ஆபீசில் வேலை, ஒரு வாரத்துக்கு நாலு வார்த்தை பேசுகிறவர், நீ போய்ச் சொன்னீன்னா அப்பறம் எவளும் துணி தர மாட்டா, தெரிஞ்சுக்கிட்டுப் போ, என்று மட்டும் சொன்னார். போகாதே என்று சொல்லவில்லை. அதைச் சொல்லியிருந்தால் இந்த பஸ்ஸில் ஏறாமல் இருந்திருப்பாளா, இருந்திருப்பாள் போலத்தான் இருக்கிறது.

சௌந்திரம் தனியாகத்தான் இருந்தாள், அதுவும் நல்லதாகப் போயிற்று. களத்தை ஒட்டிய வீடு, மழையில்லாமல் கிணற்றுமேட்டுத் தென்னையெல்லாம் தலை தொங்கிக் கிடந்தது. வாங்கக்கா, என்றாள், முகத்தில் ஒன்றும் இல்லை, ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். வழியெல்லாம் பத்து மாதிரி யோசித்து வைத்திருந்த பேச்சை விட்டுவிட்டுப் பையிலிருந்து போர்வையை எடுத்துப் பாயில் விரித்தாள், அந்த நீலக் கட்டம் மேலே வந்தது.

“அம்மிணி, அந்தப் புள்ள மேல ஒண்ணுமில்ல. இது நான் வெச்ச துணி. மாரி கடை வெட்டுத் துண்டு. அவ மூட்டையில துணி கொறஞ்சுது, நான் கோணியில இருந்து எடுத்து வெச்சேன்.”

சௌந்திரம் தண்ணீர்ச் சொம்பைப் போர்வையிலிருந்து தள்ளி வைத்தாள்.

“வேற நூல் கலக்க மாட்டேன்னு சொன்னீங்களேக்கா.”

“சொன்னேன்.”

“அப்ப என்ற போர்வையிலயும் அப்பிடித்தானுங்களா?”

இதை அவள் யோசிக்கவே இல்லை, இவ்வளவு தூரம் யோசித்து வந்தவள் இதை யோசிக்கவில்லை. இல்லை என்றால் இது பொய்யாகிவிடும். “ஆமா அம்மிணி. மூணோ நாலோ இருக்கும்.” சௌந்திரம் எழுந்து உள்ளே போய்த் தன் போர்வையைக் கொண்டுவந்தாள். ராசாத்தியின் போர்வைக்குப் பக்கத்திலேயே விரித்தாள், மண்டி போட்டு உட்கார்ந்தாள், கட்டம் கட்டமாக உள்ளங்கையை வைத்து நகர்த்திக்கொண்டே போனாள், இது எங்கம்மா சேலை, இது பெரியவ கவுன் துணி, இதுவும் எங்கம்மாது, இது… என்று நின்றாள். கட்டை விரலால் தேய்த்துப் பார்த்தாள். “இதுங்களா?” பெரியநாயகி தலையாட்டினாள். கட்டித் துவைத்த துணிக்கும் வெட்டின சூட்டோடு வைத்த புதுத் துணிக்கும் கைக்குத் தெரியாதா, கஞ்சி மொடமொடப்பு ஒரு வருசமானாலும் நடுவில் எங்காவது ஒளிந்துகொண்டு இருக்கும். இன்னும் ரெண்டு கட்டத்தை அதே மாதிரிக் கண்டுபிடித்தாள், கண்ணை வேறு எங்கோ வைத்துக்கொண்டு, விரலாலேயே. பெரியநாயகிக்கு ஏதோ சேலையை ஊர் நடுவே அவிழ்த்த மாதிரி இருந்தது, ஆனால் அதில் ஒரு நிம்மதியும் இருந்தது, கெட்டது கெட்டதாக முடிந்துபோனால் சரி என்பது மாதிரி.

“இத நீங்களே எடுத்துட்டுப் போயிருங்க்கா,” என்றாள் சௌந்திரம், தன் போர்வையை மடித்துக்கொண்டே. கோபமாகக்கூட இல்லை. “யாரூட்டுத் துணியோ. இத்தன நாளு பசங்களுக்கு மூடி உட்டிருக்கேன்.” பிறகு, “அண்ணனுங்ககிட்ட நான் சொல்லீர்றேன். அந்தப் புள்ளய வேலைக்குப் போகச் சொல்லுங்க. அவரு வந்ததும் அவருகிட்டயும்…” என்று ஆரம்பித்து விட்டுவிட்டாள். வாசல் வரைக்கும் வந்தாள். “நீங்க வந்து சொன்னது நல்லதுங்க்கா,” என்றாள், “நீங்க சொல்லாட்டி நான் என்ன பண்ணியிருப்பேன்னு எனக்கே தெரியாது,” என்றாள். அதைச் சொல்லும்போது அந்த முகம் சின்னப் பெண்ணுடைய முகம் மாதிரி இருந்தது, காய்ச்சல் விட்ட மறுநாள் மாதிரி வெளுத்து, இலேசாக, பார்க்க முடியாமல்.

பஸ் நிறுத்தத்தில் வெயில் மண்டையைப் பிளந்தது. இப்போது ரெண்டு போர்வை, ஒன்று பையில், ஒன்று இடுப்பில். எதிர்ப்பக்கம் மூன்றாவது சந்தில் ராசாத்தி வீடு, போய்க் கொடுத்துவிட்டுச் சொல்லிவிட்டு வர வேண்டும், எல்லாம் சரியாப் போச்சு சாமி என்று. சாயங்காலத்துக்குள் ஊர் பூராவும் பேச்சாகிவிடும், ஒட்டுப்போர்வைக்காரி கண்ட துணியைக் கலக்கிறாளாம், ஆகட்டும், மார்கழிக்கு எஸ்டேட்டு ஆள் வர மாட்டான், ஆகட்டும், மோட்டாரைக் கழற்றிவிட்டு முன்னே மாதிரி ஜாக்கெட் தைக்கலாம், பாவாடை தைக்கலாம், ஒரு பெண்ணின் பெயரை விடவா. நல்ல காரியம்தான் பண்ணியிருக்கிறாள், பிறகு ஏன் நல்ல காரியம் பண்ணின மாதிரி இல்லை. திரும்பத் திரும்ப அந்தப் பாய்தான் கண்ணில் வந்தது. ரெண்டு போர்வையும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன, ஒரு முழம்கூட இடைவெளி இல்லை, சௌந்திரம் தன் போர்வையில் அறுபது கட்டத்தையும் தடவினாள், புதுத் துணி எது, துவைத்த துணி எது என்று விரலிலேயே சொன்னாள், கையை இந்தப் பக்கம் ஒரு சாண் நீட்டியிருந்தால் போதும், அந்த நீலம் கடையிலிருந்து வந்ததா, ஒரு ஆள் உடம்பில் ஒரு வருசம் கிடந்ததா என்று தெரிந்திருக்கும், அவள் நீட்டவில்லை. ஏன் நீட்டவில்லை. மறந்துவிட்டாளா, மறக்கிறவளா அவள், இந்த ஒரு கட்டத்துக்காகத்தானே ஆறு நாளாகச் சாப்பிடாமல் இருந்தாள். பெரியநாயகி சாலையைக் கடக்காமல் நின்றாள். வெள்ளிக்கிழமை கம்பியிலிருந்து இறக்கியபோது ஓரத்தைப் பிடித்து இறக்கினாள், நேற்று மடித்தபோது அந்தக் கட்டம் உள்ளே போகும்படி மடித்தாள், இன்றைக்குப் பாயில் விரித்தபோதும் ரெண்டு மூலையைப் பிடித்துத்தான் உதறினாள், முப்பது வருசம் துணியோடு கிடந்த கை, ஒரே ஒரு தரம் தொட்டால் பதில் சொல்லிவிடும் கை, ஆறு நாளில் அது ஒரு தடவைகூட அந்தப் பக்கம் போகவில்லை என்பது அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது. பஸ் வந்தது, நின்றது, கண்டக்டர் கூப்பிட்டான், போனது. அவள் பையைக் காதுகளைப் பிடித்து, உள்ளே விரல் படாமல், தூக்கிக்கொண்டு சந்தைப் பார்த்து நடந்தாள்.