பின்வீட்டு மீட்டர்

வண்டியூரில் தான் குடியிருந்த பின்வீட்டுக் குழாய்க்கு மீட்டர் மாட்டிய அன்று பாண்டிமீனாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. வீட்டுக்காரர் தங்கப்பாண்டி அதுவரை தண்ணீருக்கென்று மாதம் நூற்றைம்பது வாங்கிக்கொண்டிருந்தார். முன்வீட்டில் ஏழு பேர். அவர்களுக்கும் அதே நூற்றைம்பது. இது என்ன நியாயம் என்று அவள் நச்சரித்துத்தான் இரண்டு வீட்டுக்கும் தனித்தனி மீட்டரே வந்தது.

மாதக் கடைசியில் தங்கப்பாண்டி கண்ணாடியைப் போட்டு எண்ணைப் படித்தார். "இருநூத்திப் பத்து ரூவா ஆச்சு, தாயி."

அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். வீட்டில் புதிதாக என்ன? மீட்டர் வந்த அதே வாரம்தான் நாத்தனார் நாகஜோதி, புருஷனோடு இனிச் சரிப்படாது என்று பெட்டியோடு வந்திறங்கியிருந்தாள். அம்மா அப்பா இல்லாதவள். அண்ணன் மருதுவின் வீட்டை விட்டால் அவளுக்குப் போக்கிடம் கிடையாது. நல்ல பிள்ளைதான். ஆனால் துணி துவைக்க உட்கார்ந்தால் வாளி வாளியாக அலசுவாள். தண்ணீர் பிடிக்கிற வேலையையும் எடுத்துக்கொண்டாள், அதிலும் ஒரு மந்தம். தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும். காலையில் எத்தனை மணிக்கு என்று யாருக்கும் தெரியாது. பாண்டிமீனா என்றால் விடிந்ததுமே குழாயைத் திறந்து குடத்தை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். சத்தம் கேட்டால் ஓடி வருவாள். இவளோ குழாயை மூடிவைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். முன்வீட்டுக் குடத்தில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்ட பிறகுதான் திறப்பாள்.

பாண்டிமீனாவின் வாய் சும்மா இருக்கவில்லை. "நாங்க நாலு பேரா இருந்தப்ப இம்புட்டு ஓடலையே, ஜோதி."

மீட்டரே இல்லாத காலத்தில் எம்புட்டு ஓடியது என்று இந்த மகராசிக்கு எப்படித் தெரியும்? அதை யாரும் கேட்கவில்லை. நாகஜோதி பிழிந்த சேலையை உதறிக் காயப்போட்டாள். மறுநாள், "அலங்காநல்லூர்ல சித்தி வீட்டுக்குப் போறேன், மதினி" என்று பையை எடுத்தாள். அந்தச் சித்தியின் வாய்க்குப் பயந்து மருதுவே அந்தப் பக்கம் போவதில்லை.

பாண்டிமீனா காலண்டரில் மீட்டர் எண்ணைக் குறித்துவைத்தாள். பத்து நாள் கழித்துப் பார்த்தால், ஆள் குறைந்திருக்கிறது, அலசல் குறைந்திருக்கிறது, ஓட்டம் மட்டும் கூடியிருக்கிறது!

"போன மாசத்துல மூணுல ஒரு பங்குதானங்க வரணும்? பாதியத் தொட்டுருச்சு!"

மருது காலண்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "எங்கயாச்சும் ஒழுகுதா?"

"தரை காஞ்சு கெடக்கு. அம்புட்டுத் தண்ணியையும் பேயா குடிக்குது?"

அவனும் குழாயடியைக் குனிந்து தடவிப் பார்த்தான். ஈரமே இல்லை.

மறுநாள் காலை வழக்கம்போல் குழாயைத் திறந்து குடத்தை வைத்தாள். போகிற போக்கில் மீட்டரைப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். குடத்தில் சொட்டுத் தண்ணீர் இல்லை. ஆனால் மீட்டருக்குள் சின்னச் சக்கரம் விறுவிறுவென்று சுற்றிக்கொண்டிருந்தது. குழாய் வாயில் உள்ளங்கையை வைத்தாள். புஸ்ஸென்று காற்று. மூடினாள், சக்கரம் நின்றது. திறந்தாள், சுற்றியது. அடக் கொடுமையே! தண்ணீருக்கு முன்னால் வருகிற காற்றுக்குமா இத்தனை நாள் கணக்கு ஓடியது?

அப்புறம்தான் உறைத்தது. மூடிய குழாயின் பக்கத்தில் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தவளை மந்தம் என்று நினைத்தோமே. தெரிந்து செய்தாளா, தெரியாமலா? தெரிந்திருந்தால் ஏன் சொல்லவில்லை? சொல்கிற மாதிரியா அவளை வைத்திருந்தோம்? எதுவும் பிடிபடவில்லை.

ஈரமில்லாத குடத்தை அப்படியே விட்டுவிட்டு செல்போனை எடுத்தாள். எதைச் சொல்லி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நாகஜோதியே முந்திக்கொண்டாள்.

"மீட்டர் கொறஞ்சிருச்சா, மதினி?"

பாண்டிமீனா எட்டிக் குழாயை மூடினாள்.

"கூடிருச்சுடி," என்றாள். "நீ கெளம்பி வா."