நனைந்த பிளக்

"ஏம்மா, மனுஷன் தண்ணியில முழுகுவான். வண்டி எப்படிம்மா தான் குடிக்கிற பெட்ரோல்லயே முழுகும்?"

மகள் சின்ன வயதில் ஒருநாள் இப்படிக் கேட்டாள். பட்டறையில் ஸ்பேனர்களைத் துடைத்துக்கொண்டிருந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஊட்டிவிடுறவங்களுக்குப் பசி எவ்வளவுன்னு தெரியலன்னா அப்படித்தான்டி ஆகும்" என்றாள்.

வருடங்கள் கழித்து அந்தச் சங்கடம் சொந்த வீட்டுக்கே வந்தது. முழுகியது அந்த அம்மாவின் ஓரகத்தியின் ஸ்கூட்டர். அவள் நர்ஸ். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்கு வீடு தேடிப் போய்ப் புண் கட்டுகிறவள். காலையில் வண்டி ஒரே அழுத்தில் கிளம்பும். இரண்டு வீடு முடிந்து மூன்றாம் வீட்டு வாசலில் நான்கு இருமல் இருமும், குப்பென்று பெட்ரோல் வாடை அடிக்கும், அவ்வளவுதான்.

"இன்னொரு தடவை லேட்டானா ஆஸ்பத்திரிக்குள்ளயே உக்காந்துக்கோன்னுட்டாங்கக்கா. அப்புறம் என் ஆளுங்களை யாரு பாப்பா? அந்த மூணாம் வீட்டு வாத்தியார் வேற யாரையும் புண்ணுக் காலைத் தொடவே விடமாட்டாரு" என்று ஓரகத்தி கண் கலங்கினாள்.

பக்கத்தில் நின்ற அவள் புருஷனுக்குப் பளபளா என்று பட்டப்பெயர். வண்டி கழுவும் நிலையத்தில் வேலை. சாயங்காலமானால் பெண்டாட்டியின் ஸ்கூட்டரை அங்கே ஓட்டிப்போய், நுரை போட்டு, பிரஷர் பைப்பால் அடித்து, முகம் தெரிகிற மாதிரி துடைத்துத்தான் கொண்டுவருவான்.

"அண்ணி, பாருங்க, மாப்பிள்ளை மாதிரி நிக்குது. உள்ளதான் என்னமோ கோளாறு."

"மாப்பிள்ளைங்கன்னாலே அப்படித்தானே" என்றாள் ஓரகத்தி, அந்தக் கண்ணீரோடேயே.

"அண்ணி, இவ யாரைச் சொல்றா?"

"வண்டியத்தான்பா" என்று அண்ணி பிளக்கைக் கழற்றினாள். சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. வேறொரு கடையில் ஏற்கெனவே புது பிளக் போட்டு, பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைக் கழுவி, "இன்ஜெக்டரையே மாத்தணும்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவள் இன்ஜெக்டரை வெளியே எடுத்துச் சாவியைத் திருகி, அதன் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சொட்டுகூடக் கசியவில்லை.

"ஊத்துற கை சரியாத்தான் இருக்கு. ஊத்தச் சொல்ற வாய்தான் தப்பாச் சொல்லுது. நாளைக்கு நானும் உன் பின்னாடி வர்றேன்."

மறுநாள் மூன்றாம் வீடு, வாத்தியார் வீடு. வண்டி வாசலிலேயே படுத்துக்கொண்டது. ஓரகத்தி பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். அண்ணி சாமியை நினைத்துக்கொண்டு, வண்டியின் கம்ப்யூட்டரைப் படித்துக் காட்டும் ஸ்கேனரைச் செருகினாள். இன்ஜின் தொட்டால் கை பொசுங்குகிற சூட்டில் இருந்தது. திரையிலோ பன்னிரண்டு டிகிரி!

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சூட்டை அளக்கும் சென்சார் வழியாக, இன்ஜின் குளிரில் கிடக்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் செய்தி போகிறது. அதுவும் ஐயோ பாவம் என்று பெட்ரோலை வாரி இறைக்கிறது. காலையில் நிஜமாகவே குளிர், அதனால் தப்பித்தது. கம்பி அறுந்திருந்தால் எச்சரிக்கை விளக்கு எரிந்து காட்டிக்கொடுத்திருக்கும். இது நம்பும்படியான பொய், அதனால்தான் யார் கண்ணிலும் படவில்லை.

சென்சாரின் இணைப்பைப் பிடுங்கினாள். பின்களில் களிம்பு பச்சை பூத்திருந்தது. ஓரங்களில் காய்ந்த சோப்பு நுரை.

அவள் கை ஒரு கணம் நின்றது. பளபளாவின் நுரை.

இன்ஜெக்டர் வைத்த புது வண்டிகளைப் பழுதுபார்க்கும் வேலை படிக்க அவள் கிளம்பியபோது, "பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலை" என்று வீடே முகத்தைத் திருப்பிக்கொண்டது. அப்போது கல்யாணமாகாத கொழுந்தன் பளபளா மட்டும் முகம் திருப்பவில்லை. தன் வேலையை மாலைக்கு மாற்றிக்கொண்டு, அவள் படித்து முடிக்கும்வரை குழந்தையைக் குளிப்பாட்டித் தலைவாரிப் பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டான். பிறகும் ஒருநாள்கூட அதைச் சொல்லிக்காட்டியதில்லை.

களிம்பு போக மருந்தடித்து, பிரஷ்ஷால் தேய்த்து, பின்களை இறுக்கிச் செருகினாள். திரையில் எண் மளமளவென்று ஏறித் தொண்ணூறைத் தொட்டது. ஆக்ஸிலரேட்டரை முழுக்கத் திருகிப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட்டரை அழுத்தினாள். அப்படிப் பிடித்தால் பெட்ரோல் வராது, தேங்கியது வெளியேறும். இரண்டு இருமல், கொஞ்சம் கரும்புகை, பிறகு கூப்பிட்டதற்குப் பதில் சொல்வதுபோல வண்டி உயிர்த்தது. அவளுக்கு நெஞ்சு விம்மியது. நான் கண்டுபிடித்தேன், நான்!

"என்னக்கா இருந்துச்சு?" வெளியே ஓடிவந்து ஓரகத்தி கேட்டாள்.

"பின்னுல பச்சை பூத்திருந்துச்சு. போ, அடுத்த வீட்டுக்கு நேரமாச்சு."

அன்று எந்த வீட்டிலும் வண்டி மக்கர் செய்யவில்லை. இரவுச் சாப்பாட்டுக்கு முன் பளபளா, மாமனாரில் தொடங்கிப் பக்கத்து வீட்டுக்காரர்வரை நிறுத்திவைத்துச் சொன்னான்: "எங்க அண்ணி வைத்தியர்! நாடி பிடிச்சே சொல்லிட்டாங்க!" முன்பு முகம் திருப்பிய மாமனார், "நம்ம வீட்டு மருமகளாச்சே" என்று மீசையைத் தடவினார். இவள் தலையைக் குனிந்துகொண்டாள். சிரிப்பை மறைக்க முடியவில்லை.

ஒரு வார்த்தை சொன்னால் போதும், பளபளா இனி அந்த வண்டிப் பக்கம் பைப்பைத் தூக்கமாட்டான். தன் அன்புதான் பெண்டாட்டியை வழியில் நிறுத்தியது என்று உள்ளுக்குள் சுருங்கிப்போவான்.

எல்லோரும் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில், "கையைக் கழுவிட்டு வர்றேன்" என்று எழுந்து பட்டறைக்கு வந்தாள். அங்கே நின்ற ஸ்கூட்டரின் சென்சார் இணைப்புக்குள் கிரீஸ் வைத்து, பழைய டியூபை வெட்டிச் சின்ன உறை செய்து மாட்டி, இரண்டு பக்கமும் இறுக்கிக் கட்டினாள். குழாயை முழுக்கத் திறந்து அதன்மேலேயே தண்ணீரைப் பீய்ச்சினாள். ஸ்கேனரைப் பார்த்தாள். எண் அசையவில்லை.

வண்டியை ஈரம் போகத் துடைத்து, பளபளா கழுவிக்கொண்டுவர வழக்கமாக வந்து எடுக்கும் இடத்தில் நிறுத்திவிட்டு, விளக்கை அணைத்தாள்.