செவலைக்குத் தீனி

"கோட்டை மேலயே பறந்து போயிடறோம்," என்றான் ஹரீஷ்குமார். ஃபெபா இரண்டு வாரமாக உட்கார்ந்து வரைந்த மதில்களை அவன் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. "கதவு, காவக்காரன், அகழி ஒண்ணும் வேணாம். நேரா அந்தப் பக்கம்."

"பாவம், அகழியில மொதலையெல்லாம் உட்டு வெச்சிருக்கா," என்றாள் பிரவீனா.

பாகலூரில் ஹரீஷின் அப்பாவுக்கு ரோஜாத் தோட்டம். ஞாயிறு மதியத்துக்கு மேல் பேக்கிங் ஷெட்டில் ஆள் இருக்காது. நீள மேசை இவர்கள் நான்கு பேருக்குத்தான். ஆட்டம் முழுக்க வாயால் நடப்பது. உலகத்தையும் அதில் நடப்பதையும் ஃபெபா சொல்வாள். மற்ற மூவரும் டிராகன் ஓட்டிகள். என்ன செய்கிறோம் என்பதை அவரவர் சொல்லவேண்டும். நடக்குமா என்று சந்தேகம் வந்தால் இருபது முகப் பகடையை உருட்டித் தீர்த்துக்கொள்வார்கள். பூப்பெட்டியின் அட்டைதான் வரைபடம். டிராகன்களுக்குப் பதில் மூன்று ரோஜா மொட்டுகள். சந்தைக்குப் போகும் வழியில் விரிந்துவிடாமலிருக்க ஒவ்வொன்றுக்கும் வெள்ளை வலைத்தொப்பி மாட்டியிருக்கும். ஹரீஷின் மஞ்சள் மொட்டு தண்டர், பிரவீனாவின் வெள்ளை மகாராணி. ஊத்தங்கரைப் பக்கத்து மானாவாரிக் காட்டிலிருந்து வந்த குருமூர்த்தி தன் சிவப்புக்குச் செவலை என்று பெயர் வைத்தபோது ஹரீஷ் விழுந்து விழுந்து சிரித்தான். "எங்க மாட்டு பேரு," என்றதோடு குருமூர்த்தி நிறுத்திக்கொண்டான்.

ஃபெபாவும் பிரவீனாவும் வேலை பார்க்கும் கியர் கம்பெனியில்தான் அவனும் ஒப்பந்த ஆபரேட்டர். ஃபெபா தரப் பரிசோதனையில் இன்ஜினியர் என்பதால் இங்கே வந்தும் அவனுக்கு அவள் மேடம்தான். போன ஞாயிறு பைக்கை எடுக்கும்போது மெதுவாகச் சொன்னான்: "மாசக் கடைசியோட காண்ட்ராக்ட் முடியுது மேடம். மறுபடி போட மாட்டாங்களாம். ஊருக்குப் போறதா, இங்கயே வேற பாக்கறதான்னு மனசு ஓடிகினே இருக்கு."

"பாத்துக்கலாம்," என்றாள் ஃபெபா. எதைப் பார்ப்பது என்று அவளுக்கே தெரியவில்லை. வாரம் முழுக்கக் கம்பெனி பஸ்ஸில், கேன்டீன் வரிசையில், அளவு பார்க்கும் கேஜைக் கையில் பிடித்திருக்கும்போதெல்லாம் அந்தப் பேச்சு வந்து நின்றது. இரண்டு ஓட்டிகளை வைத்து ஆட்டம் நடத்த முடியாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அதற்குக் கீழே வேறு ஏதாவது இருக்கிறதா என்று அவள் கிளறிப் பார்க்கவில்லை.

பறக்கிறவர்களை எதைக்கொண்டு நிறுத்துவது? மதில் நிறுத்தாது, ஆறு நிறுத்தாது. இன்று காலை சர்ச்சில் போதகர் பேசிக்கொண்டிருந்தபோது விடை கிடைத்தது. பறந்தாலும் வயிறு இருக்கிறதே.

"கோட்டையத் தாண்டிட்டீங்க," என்றாள் இப்போது. "தெக்கால ஒரே வறட்சி. கண்ணுக்கெட்டின வரைக்கும் மேய்ச்சல் இல்ல. டிராகன் ஒண்ணுக்கு ஒரு நாளைக்கு ஒரு எருமை வேணும். தீனி இருக்கறது இந்தப் பள்ளத்தாக்குல மட்டும்தான். இங்கத்து ராஜாகிட்ட வேலைக்குச் சேந்தா அவரு போடுவாரு."

சேர்ந்துவிட்டால் கதை பல மாதம் ஓடும். ஞாயிறுதோறும் குருமூர்த்தி வருவதற்கு ஒரு காரணம் இருக்கும். சின்னப்பிள்ளைத்தனம் என்று தெரிந்தேதான் செய்தாள்.

"கீழ ஒரு கொட்டாய் தெரியுதில்ல? பட்டியில இருக்கற ஆட்டத் தூக்கிடறேன்." ஹரீஷ் உருட்டினான். பதினேழு. "தண்டருக்கு ஃபுல் மீல்ஸ்."

"யாரோ வளத்த ஆடு பா அது," என்றான் குருமூர்த்தி.

"கதையில வளத்தது பா."

"கதையிலயும் எவனோ ஒருத்தன்தான வளத்திருப்பான்."

"நான் ராஜாகிட்ட சேந்துக்கறேன்," என்றாள் பிரவீனா. "பர்மனென்ட்டா, காண்ட்ராக்டான்னு மட்டும் கேட்டுச் சொல்லு."

ஹரீஷ் மேசையைத் தட்டிச் சிரித்தான். குருமூர்த்தியும் லேசாகச் சிரித்துவைத்தான். ஃபெபா மட்டும் பகடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குரு, நீங்க? செவலைக்கு றெக்கை தொங்கிடுச்சு. ராஜா தீனியோட காத்திருக்காரு." ராஜாவின் அமைச்சன் பேசவேண்டிய வார்த்தைகள் அவள் குரலில் கெஞ்சலாக வந்தன.

"எவ்ளோ நாளைக்கிப் போடுவாரு மேடம்?"

அதை அவள் யோசித்துவைக்கவில்லை. "வேலை இருக்கற வரைக்கும்."

அவன் தலையாட்டினான். குளிர்அறை மோட்டார் நின்றுபோய், தகரக் கூரை வெயிலில் முறுகும் சத்தம் மட்டும் கேட்டது.

"ஒரு வருசம் மழையே இல்ல. எங்கப்பா மாட்டக் கட்டியே வெச்சிருந்தாரு. விக்கவும் மனசில்ல, அவுத்து உடவும் மனசில்ல. கட்டுத்தரையில நின்னுகினு அது எங்க மூஞ்சியவே பாக்கும்." "சேணத்தக் கழட்டிடறேன் மேடம். அவுத்து உட்டுடறேன். எங்க மேயறதுன்னு அதுக்குத் தெரியும்."

"டேய், டிராகன் இல்லாம எப்பிடிடா ஆடுவ? நடந்தா வருவ?" என்றான் ஹரீஷ்.

"நடக்கறேன்."

பசித்த டிராகன் சொன்ன பேச்சு கேட்காது என்று விதி எழுதியிருந்தாள். ஓட்டியே சேணத்தைக் கழற்றினால் என்ன ஆகும் என்பதற்கு அவளிடம் விதி எதுவும் இல்லை. குருமூர்த்தி சிவப்பு மொட்டை எடுத்தான். தூங்கும் குழந்தைக்குச் சட்டை கழற்றுவதுபோல வலைத்தொப்பியைக் காம்புப் பக்கமிருந்து மெல்ல உருவினான். தொப்பியை நீவித் தன் முன்னால் வைத்துக்கொண்டு மொட்டை ஃபெபாவின் கையில் கொடுத்தான்.

"இனிமே அதுக்கு ஓட்டி இல்ல," என்றாள் பிரவீனா. "எங்க போகுதுன்னு நீதான் சொல்லணும் ஃபெபா."

ஒரு வாக்கியம் போதும். செவலை ஒரு வட்டமடித்துவிட்டு அவன் காலடியிலேயே வந்து இறங்கியது என்று சொல்லிவிடலாம். அவள் சொன்னால் இந்த உலகத்தில் மறுபேச்சு இல்லை. வாயைத் திறந்தாள். வெளியே பாகலூர் ரோட்டில் ஒரு கன்டெய்னர் லாரி கியர் மாற்றிக்கொண்டு மாநில எல்லைப் பக்கம் போனது. சத்தம் அடங்கட்டும் என்று காத்திருப்பவள்போல இருந்தாள். அடங்கிய பின்னும் அப்படியே இருந்தாள். குருமூர்த்தியின் பார்வை அவள் கையிலிருந்த மொட்டின் மேலேயே இருந்தது. வலை அழுத்திய கட்டங்கள் இன்னும் அதன்மேல் பதிந்திருந்தன. கூரைச் சூட்டில் வெளி இதழ் ஒன்று நெகிழ்ந்து மெல்லப் பின்னால் சாய்ந்தது. காம்பைப் பிடித்தபடி ஃபெபாவின் கை வரைபடத்துக்கு மேலே, பள்ளத்தாக்குக்கும் வறண்ட தெற்குக்கும் நடுவில், இறங்க இடம் தெரியாமல் நின்றது.