தண்ணீரில் காய்ச்சிய புட்டிங்

பொட்டலத்தின் பின்புறத்தில் ‘அரை லிட்டர் பாலில் காய்ச்சவும்’ என்று அச்சிட்டிருந்தது. வெனிலாவுக்கு அரை லிட்டர், சாக்லேட்டுக்கு அரை லிட்டர் என்று நானும் பாலிலேயே காய்ச்சினேன். எழுதியிருப்பதை எழுதியபடி செய்வது என் வழக்கம். மறுநாள் புனித நிக்கோலாவின் நாள் என்பதும், அது கிறிஸ்துமஸ் நோன்புக்குள் வருவதால் மீன் ஆகுமே தவிர பாலும் முட்டையும் வெண்ணெயும் மேசைக்கு வரக்கூடாது என்பதும் நான் அறியாதவை அல்ல. திருமணமாகி இந்த வீட்டுக்கு வந்தது முதல் அந்த நாளுக்கு, எங்கள் குடும்பக் காவல் புனிதரின் திருநாளான ஸ்லாவாவுக்கு, சமைத்தவள் நான். அறிந்திருந்தும் கை பாலை ஊற்றியது.

வசந்தத்தில் என் கணவர் வெலிமிர் இறந்ததிலிருந்து கைகள் என்னைக் கேட்பதில்லை. அவை துணி மடிக்கின்றன, உருளைக்கிழங்கு உரிக்கின்றன. அழுகை வரவில்லை. வேறு எதுவும் வரவில்லை.

ஸ்லாவா தந்தையிடமிருந்து மகனுக்குப் போவது. மகன் ஒக்னியன் எல்லைக்கு அப்பால் கிராட்ஸ் நகரில் இருக்கிறான். “இந்த வருஷம் வரேம்மா. இதோட நிறுத்திக்கலாம்” என்று தொலைபேசியில் சொன்னான். பிறகு, “அந்த பிஸ்கட் கேக் செஞ்சு வைங்க” என்றான். முதலில் சொன்னதை விட்டுவிட்டேன். இரண்டாவதற்காகக் கடைக்குப் போய்ப் புட்டிங் தூள் வாங்கி வந்தேன்.

சூளை அடுப்பு தேவைப்படாத கேக் அது. பிஸ்கட்டை வரிசையாகப் பரப்பி, மேலே வெனிலா, மறுபடியும் பிஸ்கட், அதன் மேல் சாக்லேட், கடைசியில் தூளிலிருந்து அடித்த கிரீம். பள்ளியில் மொழிப்பாடம் நடத்தித் திரும்பி, மாணவர்களின் கட்டுரைகளைத் திருத்தி முடிப்பதற்குள் அது இறுகிவிடும். ஒக்னியனின் எல்லாப் பிறந்தநாள்களும் அதில்தான் கழிந்தன.

பிற்பகலில் என் நாத்தனார் தேசான்கா கெண்டை மீனோடு வந்தார். வாசலிலேயே நின்று மூக்கைச் சுளித்தார்.

“என்ன ராதோய்கா, பால் வாசனை அடிக்குது?”

“புட்டிங், அண்ணி.”

“பால்லயா? நிக்கோலாவுக்கா?” மீனைத் தொட்டியில் போட்டார். “ஒரு காற்புள்ளி விட்டுட்டா ஒன்பது ஊருக்குக் கேக்குற மாதிரி கத்துனவ நீ. இப்ப ஒரு லிட்டர் பாலை விட்டிருக்கியே, தாயே!”

காலையில் பேருந்தில் வந்து சேர்ந்து அதுவரை உறங்கிக்கொண்டிருந்த ஒக்னியன் எழுந்து வந்தான். கேக்கின் ஓரத்தைக் கரண்டியால் வெட்டி வாயில் போட்டான்.

“இது அது இல்லம்மா.”

“எது?”

“சின்ன வயசுல செய்வீங்களே. கண்ணாடி மாதிரி இருக்கும், நாக்குல வழுக்கிட்டு ஓடும். இது என்னமோ பணக்கார டாக்டர் வீட்டு கேக் மாதிரி இருக்கு.”

அவன் பள்ளிக்குப் போன ஆண்டுகளில் பொருளாதாரத் தடையால் கடைகளில் பால் இருந்ததில்லை. நான் தண்ணீரில் காய்ச்சினேன். ‘இது புது வகை’ என்று வெலிமிர் பிள்ளையிடம் சொல்லி, முதல் துண்டை வாயில் போட்டுக் கண்ணை மூடிக் காட்டினார். அந்த முகம் அப்படியே நினைவுக்கு வந்தது. வந்து, போயிற்று.

“பால் கேக்கை நான் எடுத்துட்டுப் போறேன்” என்றார் தேசான்கா. “எதிர்வீட்டுப் பசங்களுக்கு நோன்பும் கிடையாது, ஒரு எழவும் கிடையாது.”

ஒக்னியன் கடைக்குப் போய் நோன்பு பிஸ்கட்டும் நோன்பு கிரீம் தூளும் புதிய புட்டிங் பொட்டலங்களும் வாங்கி வந்தான். நான் தண்ணீரை அடுப்பில் வைத்தேன். அவன் கரண்டியை வாங்கிக்கொண்டான்.

“உங்க ஸ்லாவாவுக்கு நாளைக்கு எத்தன பேரும்மா வருவாங்க?”

உடைமைச் சொல்லைப் பிழையாக ஆள்பவரை நான் திருத்தாமல் விட்டதில்லை. அன்று விட்டுவிட்டேன். தேசான்கா விடவில்லை.

“உங்க ஸ்லாவாவா? உங்கப்பன் கண்ண மூடுன அன்னிக்கே அது உன்னுதுடா. கிண்டு, அடிப்பிடிக்குது.”

“கிராட்ஸ்ல யாரு அத்தை வருவா? மேல்வீட்டுக் கிழவனும் அவரு நாயுமா?”

“நாய்க்கும் ஒரு துண்டு மீன் வையி. கொறஞ்சா போயிடுவ?”

அவன் சிரித்தான், பிறகு என்னைப் பார்த்தான். ஸ்லாவாவைத் தொடர்ந்து நடத்து என்று நான் கேட்டிருந்தால் ‘சரி’ என்றிருப்பான். விதவைத் தாய்க்குச் சொல்லும் ‘சரி’ அது. எல்லையைத் தாண்டியதும் கரைந்துவிடும்.

“கெட்டியாயிருச்சு, இறக்கு” என்றேன்.

மறுநாள் காலை பாதிரியார் வந்தார். ஒக்னியன் அவரோடு சேர்ந்து ஸ்லாவா ரொட்டியைப் பிடித்துச் சுழற்றினான்; சிலுவையாக வெட்டி ஒயின் ஊற்றினார்கள். நண்பகலுக்குப் பிறகு அக்கம்பக்கத்தார் வந்தனர். துக்க ஆண்டு என்பதால் பாட்டு இல்லை. பீன்ஸும் மீனும் முடிந்ததும் ஒக்னியன் கேக்கைக் கொண்டுவந்து துண்டு போட்டான். சோடாத் தண்ணீரில் அடித்த கிரீம் சற்றே ஒருபக்கமாகச் சரிந்திருந்தது.

தேசான்கா தம் பக்கத்து நாற்காலியை ஒக்னியனுக்கு இழுத்துப் போட்டார். “காலைலேர்ந்து நிக்கிற. உக்காந்து சாப்பிடு.”

மேசையில் பேச்சு நின்றது. ஸ்லாவா அன்று வீட்டுத் தலைவன் உட்காரக்கூடாது. கடைசி விருந்தாளி எழுந்து போகும்வரை நின்றே பரிமாற வேண்டும். இது அங்கிருந்த அனைவருக்கும் தெரியும். தேசான்காவுக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். விருந்தாளிதான் உட்காருவான்.

ஒக்னியன் நாற்காலியைப் பார்த்தான். அதன் முதுகில் கை வைத்தான். பிறகு அதை மேசைக்கு அடியில் தள்ளிவிட்டான்.

“நீங்க சாப்பிடுங்க அத்தை.” புட்டியை எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போனான். “மாமா, உங்க கிளாஸ் காலியா இருக்கே.”

பேச்சு மறுபடியும் தொடங்கியது. யாரோ உப்பு கேட்டார்கள். தேசான்கா என் தட்டில் ஒரு துண்டை வைத்தார். தின்றேன். இனிப்பு மட்டும் தெரிந்தது, மற்றபடி ஒன்றுமில்லை. மகன் என் பின்னால் வந்து நின்று, இன்னொரு துண்டு வேண்டுமா என்று கேட்டான்.

“வை” என்றேன்.