ஈரச் சாம்பல்

என் மகன் ஆதவனையும் அவன் சிநேகிதன் ராஜாவையும் சுடுகாட்டில் ஒரே கொட்டகையில் அடுத்தடுத்து எரித்தார்கள். செங்கம் ரோட்டில் லாரியில் மோதிய வண்டியை ஓட்டியவன் ஆதவன்.

மறுநாள் பால் தெளிக்க எனக்கு ஆள் இல்லை, நானே போனேன். ராத்திரி மழையில் கூரை ஒழுகி எல்லாம் நனைந்திருந்தது. அடுத்த உடல் வருகிறதென்று, சுடுகாட்டு வேலை பார்க்கும் சின்னசாமி எலும்புகளை மட்டும் தனித்தனியாக எடுத்து வைத்துவிட்டு, இரண்டு சாம்பலையும் வாரி வெளியே ஒரே குவியலாகப் போட்டிருந்தார்.

ராஜாவின் அப்பா வேடியப்பன் அதைப் பார்த்து நின்றார். போன வாரம் வரை என்னைத் தங்கச்சி என்றவர்.

"என் புள்ளையக் கொன்னவன் சாம்பல் ஒரு பொட்டு எங்க கலயத்துல சேரக்கூடாது."

சேர்ந்திருக்கவில்லை. நான் சத்துமாவு கம்பெனியில் மாவு கலக்குகிறவள். ஈரம் பட்ட மாவு கட்டி பிடித்துக்கொள்ளும். எவ்வளவு புரட்டினாலும் பக்கத்து மாவோடு கலக்காது. இங்கேயும் அப்படித்தான். ஆதவனுக்கு வரட்டியும் வைக்கோலும் வைத்ததால் அவன் கட்டிகள் கறுப்பு. விறகில் எரிந்த ராஜாவுடையவை வெளுப்பு. கையால் பொறுக்கிவிடலாம்.

"அண்ணா, ஈரத்தோட இருக்கறப்பவே எடுத்துடலாம். காஞ்சா உதிர்ந்துடும்" என்று குனிந்தேன்.

"தொடாத. தாய்மாமன் வந்துதான் கை வைக்கணும். புள்ளைக்கு வண்டி ஓட்டக் கத்துக் குடுக்கல, எனக்குக் கத்துக் குடுக்க வந்துட்ட."

கீழ்பென்னாத்தூரிலிருந்து மாமன் வர வேண்டும். வெயில் ஏறியது.

"சாம்பலுக்கு மாமன் மச்சான்லாம் தெரியாதுங்க, சீக்கிரம் வரச் சொல்லுங்க" என்றார் சின்னசாமி. வேடியப்பன் மறுபடி போன் போட்டார். பஸ் கிடைக்கவில்லையாம்.

குவியல் மேலிருந்து வெளுத்துக்கொண்டே வந்தது. மாமன் வந்து உட்கார்ந்தபோது, தொட்ட கட்டியெல்லாம் பொடியாகி விரலிடுக்கில் ஓடியது. இருவரும் அடிவரை கிளறினார்கள். கிளறக் கிளற எங்கும் ஒரே சாம்பல் நிறம்.

"எது மச்சான் ராஜாவுது?" என்றார் மாமன்.

வேடியப்பன் ஒரு பிடி எடுத்து வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தார். கீழே போட்டார். இன்னொரு பிடி எடுத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"காலைலருந்து பாத்துக்கினுதான இருந்த. எதும்மா அவனுது?"

எனக்குத் தெரியவில்லை. யாருக்கும் தெரியாது.

"இந்தப் பக்கம்ணா" என்று இடது பாதியைக் காட்டினேன்.

அவர் கலயத்தைச் சாய்த்து, அந்தப் பக்கத்தை மட்டும் இரண்டு கையாலும் அள்ளினார். நடுவில் வரும்போது கை மெதுவானது. என் முகத்தைப் பார்த்தார். நான் தலையசைத்த இடத்தில் நிறுத்திக்கொண்டார். மீதியை நான் எடுத்துக்கொண்டேன்.